பழைய போன்ல ஒரு கோடு, புது போன்ல மூணு கோடு: அதே ரௌட்டர், அதே ரூம், எப்படி?

நிலாமகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா வச்சிருந்த போனை மாத்தி போன வாரம்தான் புதுசு வாங்கினேன். ரௌட்டர் ஹால்ல இருக்கு, என் ரூம் கடைசில, நடுவுல ரெண்டு சுவர். பழைய போன்ல கதவைச் சாத்தினாலே வைஃபை சிக்னல் ஒரு கோடுக்கு இறங்கிடும், வீடியோ கால்ல நான் பேசுறது அந்தப் பக்கம் விட்டு விட்டுதான் கேக்கும், அதனால கதவோரமா ஒரே ஒரு இடத்துல உக்காந்துதான் பேசுவேன். புது போன்ல ரூம்ல எங்க உக்காந்தாலும் மூணு கோடுக்குக் குறையல. ப்ளான்கூட மாத்தல. நெஜமாவே போனுக்குப் போன் அவ்ளோ வித்தியாசம் இருக்குமா? ரௌட்டரையும் வைஃபை 6-ங்கிற அடுத்த தலைமுறைக்கு மாத்தினா இன்னும் நல்லா எடுக்குமா?

அலைவரிசை:
கோட்டை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க சகோ. எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ்ல வரும், பூஜ்யத்துக்குப் பக்கமா இருந்தா பலம் அதிகம்) எத்தனை கோடுன்னு பொதுவான கணக்கு கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைக்கிறாங்க. வைஃபை அளக்குற ஆப் ஒண்ணு போட்டு, ரெண்டு போனையும் ஒரே மேஜைல வச்சு, ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைலதான் இருக்கான்னு பாத்துட்டு நம்பரைச் சொல்லுங்க. மைனஸ் 50 பக்கம்னா அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80-ஐத் தொட்டா திணறும். லிங்க் ஸ்பீடும், அதாவது போனும் ரௌட்டரும் பேசிக்கிற வேகமும் பாருங்க.

நிலாமகள்:
பாத்தேன். பழசு மைனஸ் 79, புதுசு மைனஸ் 70. ரௌட்டர் பக்கத்துலயே நின்னாலும் பழசு 72 எம்பிபிஎஸ் தாண்டல, புதுசு 144 காட்டுது.

பழைய_ரேடியோ:
அந்த 72-லயே பாதி பதில் இருக்கு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல்ல வைஃபை 4-க்கு (பழைய தலைமுறை) ஒரு ஆன்டெனான்னா 72தான் உச்சம், ரெண்டுன்னா 144. உங்க புது போன்ல ரெண்டு ஆன்டெனா வேலை செய்யுது, ஒரே அலையை ரெண்டும் பிடிச்சு சேத்துக்கும்போது 3 டெசிபல் வரைக்கும் லாபம். 3 டெசிபல்னா பவர் ரெண்டு மடங்கு. ஆனா உங்க ரெண்டு போனுக்கும் வித்தியாசம் 9 டெசிபல், அதாவது எட்டு மடங்கு, சிப்புக்கு சிப் அளக்குறது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னு வச்சாலும் ரெண்டாவது ஆன்டெனா மட்டும் இவ்ளோ கொடுக்காது. பழைய போன் முதுகு மெட்டலா? கவர் என்ன கவர்? கண்ணாடி, பிளாஸ்டிக் வழியா அலை போயிடும், மெட்டல் விடாது, மெட்டல் பாடி போன்ல ஓரமா பிளாஸ்டிக் கோடு விடுறதே ஆன்டெனாவுக்காகத்தான். கவரைக் கழட்டிட்டு ஒருதடவை அளந்து பாருங்க.

நிலாமகள்:
அண்ணா, கவருக்குள்ள இரும்புத் தகடு! கார்ல மேக்னட் ஸ்டாண்டுல ஒட்டுறதுக்காக ரெண்டு வருஷம் முன்னாடி வச்சது, சுத்தமா மறந்தே போச்சு. எடுத்துட்டு அதே மேஜைல வச்சா மைனஸ் 73. ரெண்டு வருஷம் அந்த ஒரே மூலைல உக்காந்து பேசினதை நெனச்சா மனசே ஆறல.

பழைய_ரேடியோ:
அப்ப 9-ல 6 அந்தத் தகடு, மிச்சம் 3தான் புது போனோட கெட்டிக்காரத்தனம். குரல் விட்டு விட்டுக் கேட்டதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். போன் அனுப்புற பவர் பொதுவா ரௌட்டரோடதை விடக் கம்மி, அதனால ரௌட்டர் பேசுறது போனுக்குக் கேக்கும், போன் பேசுறது ரௌட்டருக்குச் சரியா எட்டாது, தகடு ரெண்டு பக்கத்தையும் அடைச்சிருக்கு.

அலைவரிசை:
ரௌட்டரை இப்போதைக்கு மாத்த வேணாம் சகோ. வைஃபை 6 முக்கியமா நிறைய போன், டிவி ஒரே நேரத்துல இழுக்கும்போது நெரிசலைக் குறைக்கத்தான், சுவரைத் தாண்டுற தூரம் பெருசா கூடாது. அதுக்கப்புறம் வந்த வைஃபை 6இ-லயும் வைஃபை 7-லயும் வர்ற 6 கிகாஹெர்ட்ஸ் சுவர்ல இன்னும் சீக்கிரமா மங்கிடும், ரெண்டு சுவர் தாண்ட 2.4தான் உங்களுக்குத் தோது. ரௌட்டர் இப்ப எங்க இருக்கு? டிவிக்குப் பின்னாடியா?

நிலாமகள்:
டிவி பின்னாடியேதான் இருந்துச்சு! எடுத்து அலமாரி மேல வச்சேன், என் ரூம்ல இப்ப புதுசு மைனஸ் 64. பழைய போனைத் தகடு இல்லாம அம்மாகிட்ட கொடுத்துட்டேன், நேத்து அவங்க அடுக்களைல நின்னுட்டே சித்திகூட முக்கால் மணி நேரம் வீடியோ கால் பேசினாங்க, ஒருதடவைகூட கட்டாகல. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.