சன்ஷேடு காரை விழுந்து அம்மாவுக்கு எலும்பு முறிவு: நஷ்டஈடு கேட்டால் எதை நிரூபிக்க வேண்டும்?

கேட்டவர்:
வணக்கம். ஆடி மாதம் அம்மா காய்கறி வாங்கி வரும்போது, தெருமுனையிலுள்ள பழைய கடைக் கட்டடத்தின் சன்ஷேடு காரை பெயர்ந்து தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. இன்னும் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் தலை பின்னிவிடுகிறேன். கட்டட உரிமையாளரோ, "அன்று பலத்த காற்று. உங்கள் அம்மாவுக்கு முன்பே தோள்வலி உண்டே" என்கிறார். வலி இருந்தது உண்மைதான். வழக்கு நிற்குமா?

பதில் (சிவில் வக்கீல்):
நிற்கும் அம்மா. நிரூபிக்க வேண்டியவை நான்கு: கட்டட உரிமையாளருக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார், அதனால்தான் காயம், அந்தக் காயத்தால் இழப்பு.

முதல் இரண்டில் உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு உண்டு. டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். கட்டி 80 ஆண்டாகியிருந்தது. அதைக் கட்டிய கலவைக்கு ஆயுள் 40, 45 ஆண்டுதான். 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. சாலையோரக் கட்டடம் உரிமையாளர் கையில் இருக்கும்போது, அது விழுந்ததே அவருடைய அலட்சியத்தைக் காட்டும். இல்லையென்று அவர்தான் விளக்க வேண்டும். நன்றாகப் பராமரித்த காரை வெறும் காற்றுக்கு விழாது.

கவலை மூன்றாவதில்தான். காரை விழுந்ததே அலட்சியத்தைத் தானாகச் சொல்லிவிடும், ஆனால் தோள் கெட்டது அதனால்தான் என்று தானாகத் தெரியாது. பழைய வலி இருந்ததால் வழக்கு போய்விடாது. ஆனால் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும். பழைய மருத்துவச் சீட்டுகளை மறைக்காதீர்கள். அப்போது கை மேலே போனது என்று அவற்றில் இருந்தால் உங்களுக்கே பலம். கிரிமினல் வழக்குபோல் சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும்.

இன்னொருவர்:
ஒரு எச்சரிக்கை. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சி மேல் பொறுப்பில்லை என்றது. மரம் வேறு, கட்டடம் வேறு. ஆனாலும் உரிமையாளர் ஆபத்தை அறிந்திருக்க வேண்டும் என்று காட்ட, விரிசல் முன்பே வெளியே தெரிந்தது என்று கீழே கடை வைத்திருப்பவர் சொன்னால் நல்லது. பூசி மறைப்பதற்குள் படம் எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். பழக்கடை அண்ணன் சொல்ல வருகிறேன் என்றார், படமும் எடுத்துவிட்டேன். ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில்) 'காரை விழுந்து' என்பதற்குப் பதிலாக 'கீழே விழுந்து' என்று எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில் (சிவில் வக்கீல்):
அதை நீங்களாகத் திருத்தாதீர்கள். எழுதிய மருத்துவரை நீதிமன்றத்துக்குச் சாட்சியாக அழைக்கலாம். அன்று அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர் யார்? முதலில் அவரைத் தேடுங்கள்.