வீடு வின்ட்சரில், வேலை டெட்ராய்ட்டில், பாஸ்போர்ட் இரண்டு: வரியில் நான் சொதப்பிய கதை

நான் பிறந்தது அமெரிக்காவின் மிச்சிகனில், மூன்று வயதிலிருந்து வளர்ந்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வின்ட்சரில். சுரங்கப்பாதையைத் தாண்டினால் டெட்ராய்ட், விசா தொல்லையும் இல்லை, அதனால் அங்கே வேலை கிடைத்ததும் யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன். முதல் வருடம் சம்பளத்திலேயே அமெரிக்க மத்திய வரி, மிச்சிகன் மாநில வரி 4.25%, போதாதென்று டெட்ராய்ட் நகர வரி 1.2% (ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு அது 2.4%), எல்லாம் பிடித்தார்கள். இவ்வளவு போன பிறகு கனடாவுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தது. கனடா பார்ப்பது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை. சம்பாதித்தது எங்கேயானாலும் கணக்கில் காட்டணும். அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்டாரியோவில் வரி கூடுதல் என்பதால் எனக்கு மிச்சம் விழுந்தது. அமெரிக்க நிறுவனம் கனடாவுக்கென்று மாதாமாதம் பிடிக்காதே, அத்தனையும் ஏப்ரல் 30 அன்று மொத்தமாக வந்து நின்றது. அப்படி 3,000 டாலருக்கு மேல் பாக்கி அடுத்தடுத்து வந்தால் தவணையாக முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

தெரிந்தவர் ஒருவர் "2555 படிவம் போடு, லட்சம் டாலருக்கும் கூடுதலான தொகை வரை சம்பளத்துக்கு அமெரிக்க வரி விலக்கு உண்டு" என்றார். கிட்டத்தட்ட போட்டும் விட்டேன். அந்த விலக்கு அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்யும் வேலைக்கு. என் நாற்காலி கிடப்பது டெட்ராய்ட்டில்.

சரி, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் இன்னும் குழம்பியது. வீட்டில் உட்கார்ந்து சம்பாதித்த பங்கில் கனடாதான் முதலில் கை வைக்கும், அதற்கான கழிவை அமெரிக்கப் பக்கம் 1116 படிவத்தில் கேட்கணும். அலுவலக நாள்களுக்கு நேர்மாறு. ஆகவே சமையலறை நாள்காட்டியில் தினமும் பென்சிலால் "டெ" அல்லது "வீ" என்று எழுதத் தொடங்கினேன். பனிக்கு பயந்து பாதியில் திரும்பிய நாள், காய்ச்சலில் படுத்த நாள், எல்லாம் அதில் இருக்கிறது. வருட முடிவில் எண்ணினால் 94 "வீ". அந்தக் கணக்கையும் நிறுவனத்தின் கடிதத்தையும் வைத்து நகர வரியில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினேன். பெரிய தொகை இல்லை, ஆனாலும் ஒரு சந்தோஷம்.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு. எனக்கு எல்லை தாண்டுகிற வேலையே இல்லை, இருக்கிறது டொரொன்டோவில். பிறந்தது மட்டும் அமெரிக்காவின் பஃபலோவில். வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது "அமெரிக்கக் குடியுரிமை உண்டா" என்ற கட்டத்தில் டிக் போட்ட பிறகுதான், அங்கே வருடா வருடம் கணக்கு காட்டியிருக்க வேண்டும் என்றே தெரிந்தது. நான் ஆசையாகச் சேர்த்த டி.எஃப்.எஸ்.ஏ.வுக்கு (கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) இங்கே வரி கிடையாது, அமெரிக்கா அதை ஒத்துக்கொள்வதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் பாதுகாப்பு உண்டு. டி.எஃப்.எஸ்.ஏ.க்குள் மியூச்சுவல் ஃபண்ட் வேறு வைத்திருந்தேன், அமெரிக்காவுக்கு அவை வெளிநாட்டு ஃபண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 8621 படிவம்!

எஃப்பார், அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்காவுக்குத் தெரிவிக்கும் அறிக்கை, இன்னொரு தலைவலி. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளும் சேர்ந்து ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் சொல்லியாகணும். அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கூட்டுக் கணக்கும் அதில் சேர்த்தி, அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. கடைசியில், கணக்கு காட்டத் தவறினாலும் வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கென்று அமெரிக்க வரித்துறை வைத்திருக்கும் ஸ்ட்ரீம்லைன்ட் வழியில் 3 வருட வரிக் கணக்கும் 6 வருட எஃப்பாரும் கொடுத்தேன். கட்ட வேண்டிய வரி பூஜ்யம். கணக்காளர் ஃபீஸ்தான் வலித்தது.

*

முதலில் எழுதியவன்தான். என்னை மாதிரி தினமும் போய் வருகிறவர்கள் மேலே சொன்ன வழியை நம்பி உட்கார வேண்டாம். அபராதமில்லாத அந்தச் சலுகைக்கு, கடந்த 3 வருடங்களில் ஏதாவது ஒன்றிலாவது 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்கணும். காலையில் போய் சாயங்காலம் திரும்பிய நாள் முழு நாள் ஆகாது. என் நாள்காட்டியில் அத்தனை "வீ" எந்த வருடமும் வராது.