மைனஸ் 40-க்கு ஒரு வீடு: சுவரைத் தடிமனாக்குவதா, ஃபர்னஸைப் பெரிதாக்குவதா?

புல்வெளி_குமரன்:
கனடாவில், சஸ்கட்டூனுக்கு வெளியே ஐந்து ஏக்கர் வாங்கிவிட்டோம். பனி உருகியதும் கடைக்கால் தோண்ட வேண்டும். வீடு 30-க்கு 40 அடி. பில்டர் சொல்வது: ஆறு அங்குல மரச்சட்டச் சுவர், உள்ளே கண்ணாடிப் பஞ்சு, ஆர்-20 (வெப்பத்தைத் தடுக்கும் அளவு, எண் கூடினால் நல்லது), நல்ல பெரிய கேஸ் ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி வீடெங்கும் ஊதும் இயந்திரம்). எனக்கோ இரட்டைச் சட்டம் அடித்து 12 அங்குலச் சுவராக, ஆர்-40-க்குப் போக ஆசை. "வீடு கட்டுகிறோமா, கோட்டை கட்டுகிறோமா?" என்கிறாள் மனைவி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃபர்னஸ்_சித்தப்பா:
நான் உங்கள் மனைவி கட்சி. 22 குளிர்காலம் பார்த்தவன். ரோட்டோரம் கேஸ் லைன் போகிறது என்றால் பேசாமல் ஃபர்னஸை வையுங்கள். சுவரில் கொட்டுகிற பணம் கேஸ் பில்லில் திரும்பி வருவதற்குள் உங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அப்புறம் நாலு பக்கமும் அரை அடி கூடினால் சுமார் 70 சதுர அடி போச்சு. அதில் ஒரு பூஜை அறை வரும் தம்பி.

குளிர்_தச்சன்:
சித்தப்பா, ஐந்து ஏக்கரில் அந்த அரை அடியை வெளிப்பக்கம் தள்ளினால் யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த யோசனை நம் ஊரிலேயே பிறந்ததுதான். 1977-இல் நம் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் ஒரு வீடு கட்டினார்கள். மாகாண அரசு கேட்டது சூரிய வெப்ப வீடு. பொறியாளர் ஹரோல்ட் ஓர் (Harold Orr) இருந்த குழு, முதலில் இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடிப்போம் என்று திசையை மாற்றியது. சுவர் ஆர்-40, கூரை ஆர்-60, காற்றுப் புகாத கட்டு. ஃபர்னஸே கிடையாது. ஆள் சூடு, அடுப்புச் சூடு, தெற்கு ஜன்னல் வெயில், இவைதான் பெரும்பங்கு. கூடவே வைத்த சூரியத் தகடுகள் தொல்லை கொடுத்து, பிற்பாடு கழற்றப்பட்டன. சுவர் இன்னும் நிற்கிறது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய 'பாசிவ் ஹவுஸ்' (மிகக் குறைந்த வெப்பச் செலவில் ஓடும் வீடு) இதிலிருந்தும் பாடம் எடுத்துக்கொண்டதுதான்.

ஃபர்னஸ்_சித்தப்பா:
அது விஞ்ஞானிகள் பக்கத்தில் நின்று கட்டிய வீடு. இவருக்குக் கட்டப் போவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே வண்டியைக் கிளப்புகிற ஆட்கள்.

கணக்கும் போடுவோம். வெளியே மைனஸ் 40, உள்ளே 20, வித்தியாசம் 60 டிகிரி. 2,000 சதுர அடி ஆர்-20 சுவர் எவ்வளவு வெப்பத்தை விடுமோ, சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னல் (ஆர்-2) வெறும் 200 சதுர அடியிலேயே அவ்வளவையும் விட்டுவிடும். சுவரை இரட்டிப்பாக்குகிறவர்கள் அதே கையோடு கூடத்தில் ஆளுயரக் கண்ணாடியும் கேட்பார்கள்.

குளிர்_தச்சன்:
ஜன்னல் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். மூன்றடுக்குக் கண்ணாடிதான் போட வேண்டும். ஆனால் உங்கள் ஆர்-20 காகிதத்தில்தான் ஆர்-20. ஒவ்வொரு சட்டமும் உள்ளிருந்து வெளிவரை ஒரே கட்டையாக ஓடுகிறது, சூடு அது வழியாகவே நழுவும். இரட்டைச் சட்டத்தில் நடுவே இடைவெளி விடுவதால் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது.

வாணி_எட்மன்டன்:
நீங்கள் இருவரும் அங்குலத்திலேயே நிற்கிறீர்கள். என்னைப் படுத்தியது ஓட்டை.

எங்கள் முதல் வீட்டில் மார்ச் மாதம் படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓடு ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிட்டால், மேலே ஒரு பழுதும் இல்லை. நடந்தது இதுதான்: இட்லி ஆவி, குக்கர், உள்ளே உலர்த்திய துணி, எல்லா ஈரமும் கூரை விளக்குகளின் இடுக்கு வழியாகப் பரணுக்கு ஏறியிருக்கிறது. அங்கே பலகையின் அடியில் உறைபனியாக ஒட்டி, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து, வெயில் வந்ததும் உருகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஒரு மழைக்காலம்! ஈரம் ஏறாமல் தடுக்க ஒட்டும் உள்பக்கப் பாலித்தீன் தாளில் விளக்குக்காகப் போட்ட துளைகளை யாரும் அடைக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், ஜிப்சம் பலகை அடிக்கும் முன்னே மின்விசிறி வைத்துக் காற்றுக் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பலகை அடித்த பிறகு ஓட்டை தெரியாது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் எச்ஆர்வி இல்லாமல் இறுக்கமான வீடு கட்டவே வேண்டாம்.

இன்னொன்று, இது நம் சமையல்காரர்களுக்கு மட்டும். தாளிப்புக்கென்று பெரிய புகைபோக்கி விசிறி வைப்போம். இறுக்கமான வீட்டில் அது இழுக்கிற காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வர வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய மாதிரி கேஸ் வெந்நீர்த் தொட்டியின் புகையை அதன் குழாய் வழியாகவே வீட்டுக்குள் திருப்பி இழுக்கும். கார்பன் மோனாக்சைடு. விளையாட்டில்லை.

ஃபர்னஸ்_சித்தப்பா:
பார்த்தீர்களா? சுவரைத் தடிமனாக்கி மெஷினைக் குறைக்கலாம் என்றீர்கள். இப்போது எச்ஆர்வி, ஈடுகாற்று, சோதனை விசிறி! வடிகட்டியை மாதாமாதம் கழுவப் போவது யார்?

குளிர்_தச்சன்:
ஜனவரி இரவில் கரண்ட் போனால் உங்கள் ஃபர்னஸ் விசிறியும்தான் நிற்கும். அப்போது குழாய் உறைவதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைச் சுவர்தான் முடிவு செய்யும். ஊருக்கு வெளியே, பனி மூடிய ரோட்டில், ரிப்பேர்க்காரர் உடனே வந்துவிடுவாரா?

ஃபர்னஸ்_சித்தப்பா:
…அது நியாயமான கேள்வி. 2 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை நான் வைத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புல்வெளி_குமரன்:
இரட்டைச் சட்டம்தான் என்று மனசு சாய்ந்துவிட்டது. கசிவுச் சோதனையும் ஒப்பந்தத்தில் வரும். வெந்நீர்த் தொட்டி மூடிய புகைவழி உள்ளதாக மாறும். தண்ணீர்க் குழாய் எதுவும் வெளிச்சுவருக்குள் போகாது. மனைவியும் கோட்டைக்குச் சம்மதம், ஒரே நிபந்தனை: வட ஒளி (இரவு வானில் ஆடும் வண்ண ஒளி) தெரிய வடக்கே ஒரு பெரிய ஜன்னல். வெயிலே படாத பக்கம்! கனத்த திரை போட்டால் சமாளிக்கலாமா?

வாணி_எட்மன்டன்:
திரையை மூடினால் அறைச் சூடு கண்ணாடிக்குப் போகாது, கண்ணாடி இன்னும் குளிர்ந்து காலையில் விளிம்பெல்லாம் ஐஸ் கட்டியிருக்கும். மூன்றடுக்கு போடுங்கள், அகலத்தைக் குறையுங்கள், திரைக்குக் கீழே காற்று போக இடம் விடுங்கள்.

ஃபர்னஸ்_சித்தப்பா:
அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு ஹீட்டர் வைத்துவிடுங்கள் தம்பி. தச்சனிடம் சொல்ல வேண்டாம்.