உடைந்த பம்பும் புட்டு மாவுப் பதமும்

ஆலை வீட்டுப் பிள்ளை:

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அப்பா ஆலையில் ஃபிட்டர். 1983-இல் டீசல் எஞ்சினின் தண்ணீர் பம்ப் கூடு பிளந்துவிட்டது. பழைய எஞ்சின், சாமான் எங்கும் கிடைக்கவில்லை. ஈப்போவில், இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றும் ஒரு வார்ப்புப் பட்டறைக்குத் தூக்கிப் போனோம்.

"இதையே மண்ணில் அழுத்தி ஊற்றிவிட்டால் என்ன?" என்றார் அப்பா. பட்டறைக்காரச் சீனத் தாத்தா "தா போலே", முடியாது என்று மலாயில் சொல்லிக் கையை ஆட்டினார். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்குமாம். 200 மில்லிமீட்டர் கூட்டில் 2 போய்விடும், போல்ட் துளை சேராது. கடைசல் பிடித்துச் சீவவும் கொஞ்சம் கூடுதல் சதை வேண்டுமே. அதனால் மரத்தில் சற்றுப் பெரிய பேட்டர்ன், அதாவது மணலில் பதிக்கும் மாதிரி, செய்தார்.

மறுவாரம் அச்சுக் கட்டினார். களிமண்ணும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கறுப்பு மணல். ஒரு பிடி இறுக்கி, இரண்டாக உடைத்துப் பார்த்தார். அம்மா புட்டு மாவுக்குப் பார்க்கும் அதே பதம்! கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி இரண்டிலும் மணலை இடித்து இறுக்கினார். பேட்டர்னை எடுத்தபின், எண்ணெய் கலந்து சுட்ட மணல் கட்டை ஒன்றை நடுவில் வைத்தார். அதைக் கோர் என்பார்கள். பம்புக்குள் தண்ணீர் ஓடும் வெற்றிடம் அந்தக் கட்டை இருந்த இடம்தான். வார்த்தபின் உடைத்துக் கொட்டிவிடுவார்கள். இல்லாத இடத்தையும் மணலால் செய்கிறார்களே என்று வாய் பிளந்து நின்றேன்.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். பேட்டர்னை உருவும்போது மணல் விளிம்பு உடையாதிருக்க, சுற்றிலும் தூரிகையால் தண்ணீர் தொட வேண்டும். அந்த வேலையை எனக்குத் தந்தார். நான் தாராளமாகத் தொட்டேன். வார்ப்பு வெளியே அழகாகத்தான் இருந்தது. கடைசல் பிடித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக! ஈரம் ஆவியாகி, இரும்புக்குள் குமிழியாக மாட்டிக்கொண்டது. மறுபடி வார்த்தார், அதற்குக் காசு கேட்கவில்லை. அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

முன்னாள் மோல்டர் (வார்ப்பு அச்சுக் கட்டியவர்):

ஓட்டையோடு போனது உங்கள் அதிர்ஷ்டம் தம்பி. அச்சுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால், 1,300 டிகிரிக்கு மேல் சூடான உருகிய இரும்பு வெடித்துச் சிதறியிருக்கும். ஆவி போக மேல்பெட்டியில் கம்பி குத்தினாரா? நாங்கள் சைக்கிள் கம்பியால் குத்துவோம்.

ஆலை வீட்டுப் பிள்ளை:

குத்தச் சொன்னார், அண்ணே. அதுவும் என் வேலைதான். கை வலித்ததால் பாதியில் விட்டுவிட்டேன்.