கப்பலில் ஒரே அறை, ஒருவருக்கு மட்டும் மதுபான பேக்கேஜ் போட முடியுமா?

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து 4 இரவு கப்பல் பயணம். அப்பாவுக்கும் (72 வயது) சித்தப்பாவுக்கும் ஒரே அறை. சித்தப்பாவுக்கு மதுபான பேக்கேஜ் (முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டி, பயணம் முழுக்கக் குடிக்கும் திட்டம்) போட்டால், அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அதையே வாங்க வேண்டும் என்று வருகிறது. அப்பா ஒரு சொட்டுகூடத் தொடாதவர், சர்க்கரை நோய் வேறு. டிகிரி காபிக்குப் பழகிய நாக்கு, காலையில் அது மட்டும் போதும். கப்பலில் மின்சாரக் கெட்டிலுக்கு அனுமதி இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. சரி, பித்தளை ஃபில்டரும் காபிப் பொடியும் எடுத்துக்கொள்கிறோம். வெந்நீர் பஃபேயில் இலவசமாகவே கிடைக்கும்.

இணையதளத்தில் பேக்கேஜிலிருந்து அப்பா பெயரை மட்டும் நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. தஞ்சாவூர் ஏஜென்ட் விதி அதுதான் என்று முடித்துவிட்டார். கம்பெனிக்கு 2 மின்னஞ்சல் அனுப்பி 12 நாள் ஆகிறது, பதில் இல்லை. தனி அறை என்றால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கோப்பைக் கணக்கில் வாங்கினால் விலைக்கு மேல் சர்வீஸ் கட்டணமும் சேரும்.

டாக்டர் சான்றிதழ் காட்டி, அறையில் ஒருவருக்கு மதுபான பேக்கேஜ், மற்றவருக்கு மது இல்லாத பேக்கேஜ் என்று வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதை யாரிடம் கேட்டு வாங்கினீர்கள்?