சித்தி வந்திருக்கிறார், வீட்டிலேயே இருப்பது போதுமா?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாக வெளிநாட்டில் வசிக்கிறேன். என் சித்தி முதன்முறையாக விமானம் ஏறி, மேற்கு நோக்கி நெடுந்தூரம் பயணம் செய்து, என்னுடன் தங்க வந்திருக்கிறார். அவருக்காக விடுப்பு எடுத்து, பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் குறித்து வைத்திருந்தேன், அவரோ, "உன்னைப் பார்க்கத்தானே வந்தேன், ஊரைப் பார்க்கவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மாலை ஆறு மணிக்கே அவருக்குக் கண் சொருகுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, என் தூக்கம் கெடக் கூடாதென்று இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். இப்படிச் சாவகாசமாக இருப்பது உண்மையில் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால், எனக்குச் செலவு வைக்கக் கூடாதென்று ஆசைகளை அடக்கிக்கொள்கிறாரோ என்ற ஐயம் எழுகிறது. இதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் மறுமொழி

முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். உடலின் கடிகாரம் புதிய நேரத்துக்கு மாற, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், கிழக்கே போகிறவர்களைவிட மேற்கே போகிறவர்களுக்கு இது பொதுவாக எளிது. அந்தக் கடிகாரத்தைத் திருத்துவது பெரும்பாலும் வெளிச்சம்தான். ஆகவே மாலை வெயில் இருக்கும்போதே அவரை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால், தூக்கம் சிறிது தள்ளிப்போகும். மூன்று மணிக்கு விழிப்பவருக்கு மங்கலான மேசை விளக்கு போதும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வேளையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

இரண்டாம் மறுமொழி

தம் வீட்டில் ஓயாமல் உழைத்தவரை விருந்தாளியாக உட்கார வைத்தால்தான் பொழுது போகாது. என் அத்தை வந்திருந்தபோது, திரைச்சீலையின் ஓரத் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து ஊசி நூல் கேட்டார். நான் நூலைக் கோத்துக் கொடுக்க, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு தைத்தபடியே, தாத்தா யார் யாரிடம் கடன் பட்டிருந்தார் என்பதில் தொடங்கித் தம்முடைய படிப்பு ஏன் நின்றது என்பது வரை சொல்லி முடித்தார். எதிரில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது. அடுப்பும் பிற கருவிகளும் எப்படி இயங்குகின்றன என்று காட்டிக்கொடுத்து, வீட்டுச் சாவி ஒன்றையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் மறுமொழி

"எங்கேயாவது போகலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். "எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, துணைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். செலவுப் பேச்சே எழாததால், உடனே கிளம்புகிறாரா, தயங்குகிறாரா என்பதிலேயே விடை தெரிந்துவிடும். டிக்கெட் எடுத்தாயிற்று, ரத்து செய்ய முடியாது என்று சொல்லி அழைத்துப் போகிறவர்களும் உண்டு; அந்தத் தந்திரம் எனக்கு உடன்பாடில்லை. மறுக்க வழியில்லாமல் வருகிறவர், கால் வலித்தாலும் வாய் திறக்கமாட்டார்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சாவியைக் கொடுத்துவிட்டேன், துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார். மாத்திரை வேளையை மருத்துவரிடம் விசாரிக்கிறேன். என் விடுப்பு முடிந்தபின் பகலில் அவர் தனியாக இருக்க வேண்டியிருக்கும். அதற்கு என்னென்ன ஏற்பாடு செய்து வைக்கலாம் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.