ஆடிட்டர் ஆபீஸில் ரோமிங் ப்ரொஃபைல்: லாகின் ஆக 20 நிமிடம், ஒரு பெண்ணின் டெஸ்க்டாப் காலி

கணக்கம்மா_மதுரை

வணக்கம். மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அக்கவுன்டன்டாக இருக்கிறேன். சிஸ்டம் அட்மின் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவிக் கொடுத்தேன், அன்றிலிருந்து வயர் உள்ள எதுவும் என் பொறுப்பு.

எங்களிடம் 14 சிஸ்டம். ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) பிள்ளைகள் 9 பேர். வாரத்தில் பாதி நாள் கிளையன்ட் இடத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தால் எந்த நாற்காலி காலியோ அதில் உட்காருவார்கள். "அக்கா, என் ஒர்க்கிங் ஷீட் அந்த மூலை சிஸ்டத்துல இருக்கு, அதுல இவன் உட்கார்ந்துட்டான்" என்று தினமும் பஞ்சாயத்து. இதைத் தீர்க்கத்தான் சர்வர் வாங்கி, டொமைன் (எல்லா லாகினையும் ஒரே இடத்தில் வைக்கும் ஏற்பாடு) அமைத்து, எல்லோருக்கும் ரோமிங் ப்ரொஃபைல் போட்டோம். அதாவது அவரவர் டெஸ்க்டாப்பும் செட்டிங்ஸும் சர்வரில் இருக்கும், எங்கே லாகின் செய்தாலும் கூடவே வரும். போட்டுக் கொடுத்தவர் இப்போது ஃபோன் எடுப்பதில்லை.

முதல் இரண்டு மாதம் சொர்க்கம். எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் டெஸ்க்டாப் வந்தது. இப்போது பாடாய்ப் படுத்துகிறது. வழக்கமாக உட்காரும் சிஸ்டத்தில் சீக்கிரம் வந்துவிடுகிறது, புது இடத்தில் உட்கார்ந்தால் "வெல்கம்" என்று சுற்றிக்கொண்டே 20 நிமிடம். பிள்ளைகள் லாகின் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு பழைய வின்டோஸ் 7 சிஸ்டங்களில் உட்கார்ந்தால் டெஸ்க்டாப்பே வேறு மாதிரி இருக்கிறது. இதெல்லாம் போகட்டும், நேற்று ஒரு பெண்ணுக்கு "டெம்பரரி ப்ரொஃபைல்" என்று வந்து டெஸ்க்டாப் முழுக்கக் காலி. மூன்று கம்பெனியின் ஆடிட் ஷீட் அதில்தான் இருந்தது. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்குகிறது. அழுதுவிட்டாள். சர்வரில் அவள் ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தால் "ஆக்சஸ் டினைட்". யாராவது வழி சொல்லுங்கள்.

வயர்மேன்

மேடம், முதலில் ஒன்று பாருங்கள். மெதுவாக இருக்கும் சிஸ்டங்களில் நெட்வொர்க் வேகம் 1 ஜிபிபிஎஸ் காட்டுகிறதா, 100 எம்பிபிஎஸ் காட்டுகிறதா? கிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். கிரிம்பிங்கில் (கேபிள் முனையில் பின் அழுத்தும்போது) ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஏதாவது மேஜைக்கு அடியில் கிடந்தாலும் இதே கதிதான்.

ஈதர்நெட் ஏகாம்பரம்

சகோ, பதறாதீர்கள். அந்தப் பெண்ணின் ஷீட்கள் பெரும்பாலும் சர்வரில் பத்திரமாக இருக்கும். அதற்கு முன் இரண்டு கேள்வி. ஒன்று, சர்வரில் ஒரு ஆளின் ப்ரொஃபைல் ஃபோல்டர் எத்தனை ஜிபி? இரண்டு, உண்மையைச் சொல்லுங்கள், சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று யாராவது யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் ஆட்களின் ஃபோல்டரைக் கையால் அழித்தார்களா?

கணக்கம்மா_மதுரை

அண்ணா, கேமரா எதுவும் வைத்திருக்கிறீர்களா? நான்தான் அழித்தேன். எல்லா சிஸ்டத்திலும் 120 ஜிபி எஸ்எஸ்டி, நாலில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. "எல்லாம்தான் சர்வரில் இருக்கிறதே" என்று அழித்தேன். அவள் நேற்று உட்கார்ந்ததும் அதில் ஒரு சிஸ்டம்தான்.

ஃபோல்டரைத் திறக்க முடியாததால் அளவு தெரியவில்லை. என் சொந்த ஃபோல்டர் மட்டும் 8 ஜிபி. மூலை வரிசை நாலு சிஸ்டமும் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது, வயர்மேன் சார் சொன்னபடி மேஜைக்கு அடியில் ஒரு பழைய ஸ்விட்ச் கிடந்தது. தூசியோடு.

ஈதர்நெட் ஏகாம்பரம்

சரி, இப்போது எல்லாம் ஒரே கயிற்றில் வந்துவிட்டது.

முதலில் அந்தப் பெண். நீங்கள் ஃபோல்டரை அழித்தீர்கள், ஆனால் "இந்த ஆளுக்கு இந்த இடத்தில் ப்ரொஃபைல் இருக்கிறது" என்ற குறிப்பு ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடம்) அப்படியே இருக்கிறது. வின்டோஸ் அந்தக் குறிப்பை நம்பிப் போய்ப் பார்த்து, ஃபோல்டர் இல்லாததால் தற்காலிகமாக ஒன்றைக் கொடுத்துவிட்டது. அதில் அவள் எதைச் சேமித்தாலும் லாக் ஆஃப் ஆனதும் போய்விடும். எனவே அந்த சிஸ்டத்தில் அவள் வேலை செய்யவே கூடாது.

சர்வரில் அவள் ஃபோல்டரின் ஓனர்ஷிப்பை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் விழுவார்கள். லாகின் ஆகும்போது, ப்ரொஃபைல் ஃபோல்டரின் ஓனர் அந்த யூசரா அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவா என்று வின்டோஸ் பார்க்கும். உங்கள் தனிப்பட்ட பெயர் இருந்தால் அந்த ப்ரொஃபைலை ஏற்காது. இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது: நீங்கள் கை வைக்காத வேறொரு சிஸ்டத்தில் அவளையே லாகின் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக ஒழுங்காக லாக் ஆஃப் ஆனபோது சர்வருக்குப் போனதெல்லாம் வரும். வந்ததும் ஷீட்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

கெட்டுப்போன சிஸ்டத்தில் அட்மினாக நுழைந்து, ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல் லிஸ்ட் என்ற இடத்துக்குப் போங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண்களில் எது அவள் ஃபோல்டர் பெயரைக் காட்டுகிறதோ அதை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்குங்கள். இனிமேல் இடம் வேண்டும் என்றால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, யூசர் ப்ரொஃபைல்ஸ் வழியாக மட்டும் அழியுங்கள். அங்கே அழித்தால் குறிப்பும் சேர்ந்து போகும்.

அடுத்து வேகம். 100 எம்பிபிஎஸ் என்றால் கணக்குப்படியே நொடிக்கு 12.5 எம்பிதான். 8 ஜிபி வர 11 நிமிடம், அதுவும் எல்லாம் பெரிய ஃபைலாக இருந்தால். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் என்றால் உங்கள் 20 நிமிடம் நியாயம்தான். பழைய இடத்தில் மாறியதை மட்டும் எடுத்துவரும், புது இடத்தில் மொத்த மூட்டையும் வரும். வந்த மூட்டை அங்கேயே தங்கியும் விடும். 9 பிள்ளைகள் ஆளுக்கு 8 ஜிபி என்றால் ஒரு சிஸ்டத்தில் 72 ஜிபி. சி டிரைவ் நிறைந்தது இப்படித்தான்.

ஸ்விட்சை மாற்றுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ப்ரொஃபைலோடு ஃபைல்களையும் சுமக்க வைத்ததுதான் அமைத்தவர் செய்த தவறு. ரோமிங் ப்ரொஃபைல் செட்டிங்ஸைச் சுமக்க வேண்டியது. ஃபைல்களுக்கு ஃபோல்டர் ரீடைரக்‌ஷன். குரூப் பாலிசியில் (சர்வரிலிருந்தே எல்லா சிஸ்டத்துக்கும் விதி போடும் இடம்) யூசர் பக்கம், வின்டோஸ் செட்டிங்ஸுக்குள் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் சர்வரில் தனி ஷேருக்கு (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டருக்கு) திருப்புங்கள், ப்ரொஃபைல் ஷேருக்குள்ளேயே வேண்டாம். அதற்கப்புறம் அவை லாகினில் பயணம் செய்யாது, இருந்த இடத்திலிருந்தே திறக்கும். "யூசருக்கு மட்டும் தனி உரிமை" என்ற டிக் தானாகவே போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் உங்களுக்கு ஆக்சஸ் டினைட்தான்.

வின்டோஸ் 7 கதை எளிது. சர்வரில் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபோல்டர் இருக்கும், ஒன்றின் வால் வி2, இன்னொன்று வி6. முதலாவது வின்டோஸ் 7-க்கு, இரண்டாவது இப்போதைய வின்டோஸ் 10, 11-க்கு. ஒன்றோடொன்று பேசாது, பேச வைக்கவும் முடியாது. ரீடைரக்‌ஷன் போட்டால் ஃபைல்களாவது இரண்டிலும் ஒன்றாகத் தெரியும். 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுபோன வின்டோஸ் 7-ஐ இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். எல்லா ஆடிட்டர் ஆபீஸிலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஒற்றைச்சாளரம்

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ரீடைரக்‌ஷன் போட்டபின் ரோமிங் எதற்கு? வால்பேப்பரும் ஐகான் வரிசையும் கூடவே வர வேண்டும் என்று இவ்வளவு பாடா? நான் 30 சிஸ்டத்தில் ரோமிங்கை எடுத்துவிட்டேன், ஒருவரும் தேடவில்லை.

ஈதர்நெட் ஏகாம்பரம்

தேடாத ஆபீஸும் உண்டு. இவர்கள் தினமும் நாற்காலி மாறுகிறவர்கள். ப்ரொஃபைலுக்குள் ஆப்-டேட்டா என்று ஒரு ஃபோல்டர், அதில் கூடவே வரும் ரோமிங் பகுதி, வராத லோக்கல் பகுதி என்று உண்டு. அவுட்லுக் கையெழுத்து போன்றவை ரோமிங் பகுதியில்தான் இருக்கும், ஒவ்வொரு இடத்திலும் புதிதாக அமைக்க முடியாது. மூட்டையை இறக்கிவிட்டால் ரோமிங் தொந்தரவு செய்யாது. ஆனால் சகோ, டெலிகிராம், ஜூம் இரண்டும் வழக்கமான முறையில் நிறுவினால் ஆப்-டேட்டாவின் ரோமிங் பகுதியிலேயே போய் உட்காரும். சில ஃபோல்டர்களை ரோமிங்கிலிருந்து விலக்கும் பாலிசி ஒன்று இருக்கிறது, அதில் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். குரோம் இதற்கு நேர்மாறு. லோக்கல் பகுதியில் இருப்பதால் புக்மார்க் கூட வராது, அதற்குத் தனி பாலிசி உண்டு.

கணக்கம்மா_மதுரை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கெடு முடியட்டும் என்றுதான் இருந்தேன்.

அவள் ஷீட் எல்லாம் கிடைத்துவிட்டது அண்ணா. ரிசப்ஷன் சிஸ்டத்தில் லாகின் செய்தாள், மூன்று கம்பெனியும் இருந்தது. முந்தின நாள் மாலை கரண்ட் போனபோது யூபிஎஸ் கை கொடுக்காததால் லாக் ஆஃப் ஆகாமலே அணைந்திருக்கிறது. அந்த அரை நாள் வேலை மட்டும் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பச் செய்து முடித்தாள். எனக்கு ஒரு டெய்ரி மில்க் கொடுத்தாள், ஃபோல்டரை அழித்தது நான்தான் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

ரீடைரக்‌ஷன் சனிக்கிழமை மாலை போட்டேன். முதல் லாகினில் ஒன்றும் நடக்கவில்லை, வயிறு கலங்கியது. இரண்டாவது தடவை லாகின் செய்தபோதுதான் ஃபைல்கள் நகர ஆரம்பித்தன. என் ப்ரொஃபைல் 8 ஜிபியிலிருந்து 210 எம்பி ஆகிவிட்டது. ஸ்விட்சும் புதிது. நேற்று ஒரு பையன் மூலை சிஸ்டத்தில் உட்கார்ந்தான், ஒரு நிமிடத்துக்குள் டெஸ்க்டாப். "அக்கா, அப்ப டீ?" என்று கேட்டான்.

இன்னும் ஒரே ஒரு குழப்பம். டிரஸ்ட் கிளையன்ட் ஒருவரின் பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய வகை) இருக்கின்றன. ஒரு பிள்ளை தன் லாகினில் பாமினியை நிறுவினாள். வேறு சிஸ்டத்துக்குப் போனால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. இது ரோமிங்கில் வராதா? அப்புறம், எங்கள் சார் லேப்டாப்பை வீட்டுக்கும் கிளையன்ட் இடத்துக்கும் எடுத்துப் போவார். அதையும் இதில் சேர்க்கவா?

ஈதர்நெட் ஏகாம்பரம்

யூசர் தனக்கு மட்டும் நிறுவும் எழுத்துரு, ஆப்-டேட்டாவின் லோக்கல் பகுதியில் உட்காருகிறது. லோக்கல் பயணம் செய்யாது. பாமினியை அட்மினாக "எல்லா யூசருக்கும்" என்று 14 சிஸ்டத்திலும் ஒரு தடவை நிறுவிவிடுங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவருக்கும் இதே கதைதான், அதுவும் சிஸ்டம் சிஸ்டமாகத்தான்.

சார் லேப்டாப்பைச் சேர்க்காதீர்கள். அந்த ஒரு மெஷினுக்கு "லோக்கல் யூசர் ப்ரொஃபைல் மட்டும்" என்ற பாலிசியைப் போடுங்கள். ரீடைரக்‌ஷன் பாலிசியிலிருந்து அவர் லாகினையும் விலக்கிவிட்டு, அவர் ஃபைல்களுக்குத் தனியாக பேக்கப் வையுங்கள்.

கணக்கம்மா_மதுரை

சரி அண்ணா, லேப்டாப்புக்குப் போட்டுவிட்டேன். பாமினி 11 சிஸ்டத்தில் முடிந்தது, மீதி மூன்றில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடிக்கிறேன்.